மரண அறிவித்தல்களில் இடம் மாறாத பெயர்

லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு முழுக் குளிர்காலமும் இறந்தவர்கள் வந்து இருந்தார்கள். என் மனைவி மடிக்கணினியில் அவர்களை ஒவ்வொருவராகத் திறந்தாள், வாசித்தாள், அட்டவணையில் போட்டாள், மூடினாள். கேத்தில் கொதிக்கும்வரை அவளுக்குப் பின்னால் நின்று நானும் வாசிப்பேன். கொதித்து அடங்கிய பிறகும் நிற்பேன். எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. அந்தப் பக்கங்களுக்கு முன்னால் நின்றேன்.

எங்கள் ஆட்களின் மரண அறிவித்தலைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் கண்மூடிய சில மணி நேரத்தில் அது இணையத்தில் வந்துவிடும். மேலே படம், சுற்றிவரப் பூ வரைந்த சட்டம். கீழே ஒரே வாக்கியம், மூச்சு விடாமல்: யாழ்ப்பாணத்தில் இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், பாரிஸை முன்னாள் வதிவிடமாகவும், லண்டனைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். பிறகு உறவுகள். இன்னாரின் அன்பு மனைவி, இன்னார் இன்னாரின் பாசமிகு தாய், இன்னாரின் சகோதரி, மாமி, பெரியம்மா, அம்மம்மா. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு நாடு. அந்த உறவும் முன்பே போய்விட்டதென்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று ஒரு சொல். கடைசியில், தகவல்: குடும்பத்தினர். அதற்கும் கீழே நாலைந்து நாட்டுத் தொலைபேசி எண்கள்.

வரி உடைக்காத கவிதை எழுதிப் பழகிய எனக்கு அந்த ஒற்றை வாக்கியத்தின் மேல் பொறாமை. ஒரு கிழவி கடைசி மூச்சை விட, நோர்வேயிலிருந்து மெல்போர்ன்வரை ஒரு குடும்பத்தின் எல்லா வீடுகளிலும் ஒரே நொடியில் விளக்குப் போட்டதுபோல் இருக்கும். யார் எங்கே போய் ஒதுங்கினார்கள், யார் யாரைக் கட்டினார்கள், எந்தக் கடலைத் தாண்டி எந்தப் பனிக்குள் வாழ்ந்தார்கள், எல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரியும்.

அந்த வெளிச்சத்தைத்தான் அவள் அட்டவணையில் பிடிக்கப் பார்த்தாள். அவள் எங்கள் பகுதி நகரசபையான கவுன்சிலில் தொலைபேசி எடுக்கிற வேலை செய்கிறாள். குப்பை எடுக்கவில்லை, சுவரில் ஈரம், அரசாங்கத்தின் பெனிபிட் காசு நின்றுபோய்விட்டது என்று நாள் முழுக்க ஆட்களின் குரல் கேட்கிற வேலை. பிள்ளைகள் படிக்க வெளியூர் போனதும் தானும் பகுதி நேரமாக முதுகலைப் படிப்பில் சேர்ந்தாள். அவளுடைய ஆய்வு இதுதான்: யாழ்ப்பாணத்தில் தன் தாய் பிறந்த ஊர் உலகம் முழுக்க எந்தெந்த வழியால் சிதறியது. அதை யாரும் கணக்கெடுத்து வைக்கவில்லை. இணையத்து மரண அறிவித்தல்களை ஒன்றோடொன்று கோத்தால் வழி தெரியும் என்பது அவளுடைய யோசனை.

அந்த யோசனையை வழிகாட்டும் பேராசிரியையிடம் அவள் சொன்ன அன்று நானும் கூடப் போயிருந்தேன். வெளியே நடைபாதையில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தேன். திரும்பி வரும்போது எலிசபெத் லைன் ரயிலில், லிவர்பூல் ஸ்ட்ரீட் தாண்டித்தான் வாய் திறந்தாள்.

"நல்ல யோசனையாம்."

"பிறகேன் முகம் உப்பிடி?" என்றேன்.

"நம்பலாமோ எண்டு கேட்டவ. எழுதினது ஆர், ஏன் எழுதினவை, பிழையெண்டா ஆர் திருத்துறது, வேற எதோட ஒப்பிட்டுப் பாத்தனீங்கள்."

"செத்தவீட்டு அறிவித்தலில ஆரப்பா பொய் எழுதுவினம்?"

"அதைத்தான் நானும் சொன்னனான். அது உங்களுக்குத் தெரியும், எனக்குக் காட்டுங்கோ எண்டா. கோவமாச் சொல்லேல்ல. கையைப் பிடிச்சுச் சொன்னவ."

"காட்டாட்டி?"

"ஈஸ்டருக்குள்ள காட்டாட்டி லைப்ரரியில இருக்கிறதை வைச்சு வேற தலைப்பு எடுக்க வேணும்."

"எடுக்கிறதுதானே."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். ஸ்ட்ராட்ஃபோர்டின் கண்ணாடிக் கட்டடங்கள் அவள் முகத்தின் மேலாக ஓடின. "ஏலாதப்பா. இது இல்லாட்டி நான் படிப்பை விடுறன்."

மிரட்டுவதற்குச் சொல்கிறவள் இல்லை அவள். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டின் கூரையை அந்த ஒரு வசனம்தான் தாங்கி நின்றது, அல்லது அழுத்திக்கொண்டு நின்றது.

முதலில் எல்லாம் இடிந்து விழுந்தது. ஒரே ஆளின் அறிவித்தல் மூன்று தளங்களில் கிடைத்தது என்று ஒரு சனிக்கிழமை சந்தோசப்பட்டாள், மூன்று சாட்சி. மத்தியானமே அந்தச் சந்தோசம் போயிற்று. கீழே இருந்த கனடா எண்ணில் ஓர் இலக்கம் குறைந்திருந்தது, மூன்றிலும் அதே இலக்கம். ஒருவர் எழுதியதை மற்ற இரண்டு பேரும் அப்படியே அள்ளிப் போட்டிருந்தார்கள். ஒரு சாட்சியும் இரண்டு எதிரொலியும். அதுவரை அட்டவணையில் 'உறுதி' என்று பச்சை அடித்து வைத்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக வெள்ளையாக்கினாள். பச்சை வயல் ஒன்று என் கண் முன்னால் வெளுத்துக்கொண்டே போனது.

அடுத்த கிழமை அவளுடைய பெரியப்பா வந்தார். அதற்கு முந்திய வருடம் தவறியவர். சும்மா அவருடைய பெயரைத் தேடியபோது, எங்களுக்குத் தெரியாத ஒரு தளத்தில் அவருக்கு நீண்ட வாழ்க்கை வரலாறு இருந்தது.

"இஞ்ச வாங்கோ. பெரியப்பா ரீச்சராம்."

"ஆர் சொன்னது?"

"'பல தலைமுறை மாணவர்களின் உள்ளங்களில் ஒளியேற்றியவர்' எண்டு கிடக்கு."

"அவர் கூப்பன் அரிசி குடுக்கிற சங்கக்கடை மனேஜரல்லோ?"

"ஓம். மாணவரெண்டா அவருக்குக் கண்ணில காட்டக் கூடாது. கடை வாசலில நிக்கிற பெடியளைத் துரத்துறதுக்கெண்டே ஒரு தடி வைச்சிருந்தவர்."

சிரித்தோம். சிரித்து முடிந்ததும் திரும்ப வாசித்தோம். குற்றம் சொல்ல முடியாத தமிழ். ஒளி, நதி, நிழல் தரும் மரம். அறிவித்தலில் இருந்த நாலு விவரத்தை எடுத்து ஏதோ ஒரு மென்பொருள் ஊதிப் பெருப்பித்திருக்கிறது என்று பிறகு விளங்கியது. அந்தப் பக்கத்தில் எழுதியவர் பெயர் இல்லை. தகவல் தந்தவர் இல்லை. கூப்பிட்டு 'பிழை' என்று சொல்ல ஓர் எண் இல்லை. அவ்வளவு வடிவான வீட்டுக்கு ஒரு கதவுகூட இல்லை.

"இதைப் பாத்தால் அவ கேட்டது சரி" என்று மெதுவாகச் சொன்னாள். பிறகு பெரியப்பாவின் உண்மையான அறிவித்தலைத் திறந்தாள். அதன் அடியில் ஐந்து எண்கள் இருந்தன. அதில் ஒன்று அவளுடைய அண்ணனுடையது, ஈஸ்ட் ஹாம். அந்த அறிவித்தலை எழுதியவரே அவர்தான்.

அப்போதுதான் இரண்டு பேருக்கும் அதை எழுதிய அந்த இரண்டு நாளும் ஞாபகத்துக்கு வந்தன. பெரியப்பா இறந்ததும் அண்ணன் ஒரு வரைவை எழுதிக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். அதன்பிறகு எங்கள் கைப்பேசிகள் ஓயவில்லை. கனடாவில் இருந்த மாமியின் குரல் முதலில் வந்தது. "தம்பி, என்ர மனிசனை விட்டிட்டாய்."

"மாமி, அவரைப் போட்டா சுவிஸ் ஆக்களையும் போட வேணும்" என்றார் அண்ணன்.

"போடன். இணையத்தில இடமில்லையே?"

ஜெர்மனியிலிருந்து ஒருவர், தான் ஜெர்மனியை விட்டு பர்மிங்ஹாம் வந்து கனகாலம், அதை மாற்றும்படி எழுதினார். டென்மார்க்கிலிருந்து ஒரு மருமகள் மூத்தவள் யார் இளையவள் யார் என்று வரிசையைத் திருத்தினாள். கடைசியாக, பாரிஸில் இருந்த மச்சான் ஒருத்தர் நிதானமாக ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "அண்ணை, என்னைக் காலஞ்சென்ற எண்டு போட்டிருக்கிறியள். நான் இப்ப சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறன்."

அண்ணன் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். "பரவாயில்லை, விடுங்கோ" என்றார் பாரிஸ் மச்சான். "ரெண்டு நாளைக்கு ஒருத்தரும் போன் எடுக்கமாட்டினம். நிம்மதியா இருப்பன்."

அந்த நாட்களில் அது எனக்குக் குடும்பச் சண்டையாகத்தான் தெரிந்தது. இப்போது மேசையில் இருந்து நினைக்க அது வேறொன்றாகத் தெரிந்தது. ஏழு எட்டு நாட்டில், வேலைக்குப் போகிற பஸ்ஸிலும் ஷிப்ட் முடிந்த கார் நிறுத்தத்திலும் நின்றுகொண்டு, கண்ணீரோடும் ரோசத்தோடும் ஒரு குடும்பம் ஒரு வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பரிசோதித்திருக்கிறது. தன் பெயர் சரியா, தன் நாடு சரியா, தன் இடம் சரியா. எந்தப் பதிப்பாசிரியருக்கு இத்தனை பேர் இத்தனை அக்கறையோடு மெய்ப்புப் பார்ப்பார்கள்?

"ஆர் திருத்துறது எண்டு கேட்டவவல்லோ?" என்றாள் என் மனைவி. "இவ்வளவு பேரும்தான்."

அதிலிருந்து அவளுக்கு ஒரு வழி கிடைத்தது. எண் இல்லாத பக்கத்தைத் தள்ளிவைத்தாள். ஒரே குடும்பத்தில் வெவ்வேறு வருடங்களில் நடந்த சாவுகளை எடுத்தாள். தகப்பன், பிறகு தாய், பிறகு மூத்த மகன். ஒவ்வொரு அறிவித்தலையும் ஒவ்வொரு ஆள் எழுதியிருப்பார். ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுத்தாரா, ஒத்துக்கொண்டாரா என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பெரும்பாலும் ஒத்துப்போனது. ஒத்துப்போகாத இடத்தில் கீழே இருந்த எண்ணுக்கு அழைத்தாள். கவுன்சில் குரல், அவசரமில்லாத குரல். ஆட்கள் பேசினார்கள்.

அட்டவணையைக் கீழிருந்து மேலே உருட்டினால் பெயர்கள் நகர்வது தெரியும். இந்தியா என்று இருந்தவர் ஜெர்மனி ஆவார், ஜெர்மனி லண்டன் ஆகும். தனியே நின்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு மனைவி முளைப்பாள். பிள்ளைகள் வருவார்கள், பேரப்பிள்ளைகள் வருவார்கள். ஒருநாள் முன்னால் 'காலஞ்சென்ற' வந்து அந்தப் பெயர் அமைதியாகும். ஒரு ஊர் நடந்து போவதை நான் அந்தத் திரையில் பார்த்தேன். தேநீர் ஆறிப்போகும். ஒரு கோப்பை தேநீரைக்கூட அந்த நாட்களில் நான் சூடாகக் குடித்ததாக நினைவில்லை.

அப்படி உருட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் கை நின்றது.

"இந்த ஆள் அசையிறாரில்லை."

நாலு சகோதரர்கள் உள்ள குடும்பம். தகப்பனின் அறிவித்தல், தாயின் அறிவித்தல், மூத்தவரின் அறிவித்தல், மூன்றும் கைவசம். மற்ற எல்லோரும் நாடு மாறினார்கள், கலியாணம் கட்டினார்கள். மூன்றாவது மகன் மட்டும் மூன்றிலும் ஒரே மாதிரி: பெயர், பக்கத்தில் 'இலங்கை'. மனைவி இல்லை. பிள்ளை இல்லை. முன்னால் 'காலஞ்சென்ற' இல்லை.

"பழசைப் பாத்து எழுதியிருப்பினம்" என்றேன்.

"மற்ற எல்லாத்தையும் திருத்தினவை இதை மட்டும் மறந்தவையே?"

கடைசி அறிவித்தலின் கீழே லண்டன் ஹவுன்ஸ்லோ எண் ஒன்று இருந்தது. அந்த வீட்டின் ஒரே பெண்பிள்ளையுடையது. என் மனைவி அழைத்து, தான் யார், என்ன படிக்கிறாள் என்றெல்லாம் சொல்லி, அந்தப் பெயரைப் பற்றிக் கேட்டாள். மறுபக்கத்தில் ஒரு கதவு மூடப்படும் சத்தம் கேட்டது. பிறகு, "போனில வேண்டாம் தங்கச்சி. ஞாயிற்றுக்கிழமை வாங்கோ" என்றது குரல்.

ஞாயிற்றுக்கிழமை பிக்கடில்லி லைனில் போனோம். விமானங்கள் வயிறு தெரியத் தாழப் பறக்கிற தெரு. வங்கியில் வேலை செய்கிற அக்கா, எங்களைவிட ஏழெட்டு வயது கூடியவர். கதவைத் திறந்ததும் என் மனைவியின் கையிலிருந்த கேக் பெட்டியைப் பார்த்து, "உதென்ன, பெண் பாக்க வந்த மாதிரி" என்றார். சோபாவில் இருத்தினார். விமானம் போகும்போது பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற பழக்கம் அவருக்கு இருந்தது.

"அந்த அறிவித்தல் மூண்டையும் எழுதினது நான்தான்" என்றார். "அண்ணையின்ர எழுதேக்க, அந்தத் தளத்தில வேலை செய்யிற பெடியன் போன் எடுத்துக் கேட்டவன். அக்கா, இந்தத் தம்பிக்குக் காலஞ்சென்ற எண்டு போடுறதோ, இல்லாட்டி எந்த நாடு எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்றாள் என் மனைவி.

"இலங்கை எண்டு போடு எண்டன்."

விமானம் ஒன்று போனது. காத்திருந்தோம்.

"அவன் பஸ்ஸில ஏறினதை அம்மா கண்டவ. சண்டை முடிஞ்ச மாசம். ஆமிக்காரர் சனத்தைப் பதிஞ்சு பதிஞ்சு ஏத்தினவை. அதுக்குப் பிறகு ஒருத்தரும் காணேல்ல. அம்மா எல்லா இடமும் படம் கொண்டு போனவ. இருக்கிறான் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. இல்லை எண்டும் ஒருத்தரும் சொல்லேல்ல."

என் மனைவி குனிந்திருந்தாள். அக்கா அவளைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஆக்கள் சொல்லுவினம், நான் நம்பிக்கையில எழுதிறனெண்டு. எனக்கு நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அதை நான் அறிவித்தலில எழுதேல்ல தங்கச்சி. தெரிஞ்சதைத்தான் எழுதினனான். கடைசியா அவனைக் கண்டது இலங்கையில. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. தெரியாததை என்னெண்டு எழுதுறது?"

நான் எழுந்து ஜன்னலடிக்குப் போனேன். இருக்க முடியவில்லை. இத்தனை வருடமாக ஒரு பெண், சாவு விழுந்த வீட்டில், கண் வீங்கியிருக்க, ஊர் முழுக்கத் தன் விருப்பத்துக்கு 'காலஞ்சென்ற' என்ற சொல்லைப் போடவோ விடவோ சொல்லிக்கொண்டிருக்க, தான் கண்டது எதுவரை, காணாதது எதிலிருந்து என்று அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்து, அந்தக் கோட்டிலேயே நின்று எழுதியிருக்கிறாள். தகப்பனுக்கு எழுதியபோதும் தாய்க்கு எழுதியபோதும் அதே கோடு. ஒரு மயிரிழை அங்காலேயும் இல்லை, இங்காலேயும் இல்லை. எனக்குப் பெருங்கோயில் ஒன்றுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டதுபோல் இருந்தது.

"இதை நான் ஆய்வில எழுதலாமோ அக்கா?" என்று கேட்டாள் என் மனைவி.

"எழுதுங்கோ. பேர் வேண்டாம். ஒண்டு மட்டும். உங்கட அட்டவணையில அவனைச் செத்த ஆக்களோட போடாதேங்கோ. உயிரோட இருக்கிற ஆக்களோடயும் போட ஏலாதெண்டு எனக்குத் தெரியும்."

"அப்ப எங்க போடுறது?"

"அது உங்கட படிப்பு" என்று சொல்லி, சிரித்து, கேக்கை வெட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி அட்டவணையைத் திரும்ப முதலிலிருந்து உருட்டினாள். இப்போது என்ன தேடுவது என்று தெரியும். அசையாத பெயர்கள். ஒரு வீட்டில் ஒன்று, இன்னொரு வீட்டில் ஒன்று, ஒரு வீட்டில் இரண்டு. தேம்ஸ் ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்க, பழைய துறைமுகத் தூண்கள் சில வுல்விச் பக்கம் நின்ற இடத்திலேயே நிற்கும். தண்ணீர் வற்றும்போதுதான் எத்தனை என்று தெரியும். அப்படித் தெரிந்தன. ஊரே நடந்துபோக, நடக்காமல் நிற்கிறவர்கள்.

"எழுதும்" என்றேன். "இதுதான் உம்மட ஆய்வு. இந்தப் பேர் எல்லாம் காணாமற்போன ஆக்கள். ஒரு அறிவித்தலும் சொல்லாததை எல்லா அறிவித்தலும் சேர்ந்து சொல்லுது. எழுதும்."

அவளும் எழுதத் தொடங்கினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இரண்டு பக்கம் ஓடியது. நான் வாசித்தேன்; திரும்பவும் வாசித்தேன். பிறகு அவள் பேனையால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒருக்கா போன் பண்ணிப் பாப்பம்."

"ஆருக்கு?"

"இந்த ரெண்டாவது வீட்டுக்கு. கொழும்பு நம்பர் ஒண்டு கிடக்கு."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கொழும்பில் மாலை. ஸ்பீக்கரில் போட்டாள். ஓர் ஆண் குரல் எடுத்தது. அவள் மிகவும் தயங்கி, சொற்களைப் பஞ்சில் சுற்றி, அந்த வீட்டின் இளைய மகனைப் பற்றி, அவருக்கு என்ன நடந்தது என்று குடும்பத்துக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டாள்.

"எனக்கு என்ன நடந்தது?" என்றது குரல்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"நீங்களோ அது?"

"நான்தான் பிள்ளை. வெள்ளவத்தையில இருக்கிறன். ஏன், ஆரும் ஏதும் சொன்னவையே?"

"இல்லை… எல்லா அறிவித்தலிலயும் இலங்கை எண்டு… மனிசி பிள்ளையள் பேரும் ஒண்டும் போடேல்ல…"

"கலியாணம் கட்டாட்டி ஆள் இல்லையெண்டு அர்த்தமே? அக்காமார் எல்லாரும் வெளிநாடு போக, ஆரும் ஒருத்தன் வீட்டைப் பாக்க வேண்டாமே? லண்டனில இருந்துகொண்டு என்ர கதையை முடிக்கப் பாக்கிறியள்."

கோபம் இல்லை, பொழுதுபோகாத மனிதர். பிறகு அவர் தன் முழங்கால் வலியையும், பக்கத்து வீட்டு நாயையும், லண்டன் குளிர் எப்படி என்பதையும் பற்றிப் பேசினார். என் மனைவி எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள். வைத்த பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள், பிறகு அழுதாள். ஓர் ஆள் உயிரோடு இருக்கிறார் என்பதைக் கேட்டு, எழுதியது பிழையாகிவிட்டதே என்று ஒரு நொடி மனம் சுருங்கியது இரண்டு பேருக்கும்தான். அந்தச் சுருக்கம்தான் அவளை அழவைத்தது.

அந்த இரண்டு பக்கத்தையும் அழித்தாள். வடிவாக எழுதப்பட்ட ஒன்றுக்கு நான் எவ்வளவு சுலபமாகத் தலையைக் கொடுத்துவிடுகிறேன் என்று எனக்கே தெரிந்துவிட்டது. பெரியப்பாவை ரீச்சராக்கிய அந்தப் பக்கத்தையும் நான் முதல் தடவை வாசித்தபோது தமிழ் நல்லாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

அதன்பிறகு வந்த கிழமைகளில் அவள் அசையாத பெயருள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அழைத்தாள். சிலர் வாங்கோ என்றார்கள். சிலர் வைத்துவிட்டார்கள். சில எண்கள் செத்துப்போயிருந்தன. ஒருவர் துறவியாகப் போனவராம். ஒருவரோடு குடும்பம் கோபமாம், மனைவி பிள்ளைகளின் பெயரைப் போடக்கூடாதென்று முடிவாம். மற்றவர்கள், ஹவுன்ஸ்லோ அக்காவின் தம்பியைப்போல. ஒரே மாதிரி எழுதப்பட்ட ஒரே சொல், உள்ளே வெவ்வேறு அறைகள். வெளியே நின்று பார்த்தால் எது எதென்று சொல்லவே முடியாது. கதவைத் தட்ட வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்திய செவ்வாய்க்கிழமை பேராசிரியை அவளைச் சந்தித்தார். நான் மறுபடியும் நடைபாதையில் நடந்தேன். அவள் வெளியே வர நெடுநேரமாயிற்று. வந்ததும் அவளே சொன்னாள். படிக்கட்டில் நின்றபடி, கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு.

"முதலே கேட்டா. சரி, இதை நம்பலாமோ எண்டு."

"என்ன சொன்னீர்?"

"எதுக்கு எண்டு கேட்டன். ஆர் எந்த நாட்டில இருக்கினம் எண்டதுக்கு, நம்பலாம், எண் இருந்தா, குடும்பத்தில ரெண்டு பேர் தனித்தனியா எழுதியிருந்தா. ஆர் உயிரோட இருக்கினம் எண்டதுக்கு நம்ப ஏலாது. ஒரு குடும்பம் எதைத் தெரியுமெண்டு சொல்லுது எண்டதுக்கு, இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது எண்டன்."

"பிறகு?"

"கொழும்பு ஐயாவின்ர கதையையும் சொன்னன். வெக்கமாத்தான் இருந்தது. அவ சிரிச்சுப்போட்டு, அதை ஆய்வில வடிவா எழுதுங்கோ, ஒளிக்காதேங்கோ எண்டா. அண்டைக்குத் தான் கேட்ட கேள்வியளுக்குள்ள இப்பிடியொரு மறுமொழி இருக்குமெண்டு தானும் நினைக்கேல்லையாம்."

"அப்ப?"

"அப்ப என்ன. தலைப்பு இதுதான்."

தெருவில் பஸ் போனது, ஆட்கள் போனார்கள். நான் அவளை அணைக்கப் போனேன். "சனம் பாக்குது" என்று கையைத் தட்டிவிட்டாள். ஸ்டேஷன்வரை என் கையை விடவும் இல்லை.

ஹவுன்ஸ்லோ அக்காவுக்கு அன்று விடைபெறும்போது கொடுத்த வாக்குப்படி, அவரைப் பற்றிய பகுதியைத் தமிழில் எழுதி அனுப்பினாள். அட்டவணையில் மூன்றாவதாக ஒரு நிரல் போட்டிருந்தாள். இருப்பவர், இறந்தவர் இரண்டுக்கும் பக்கத்தில், 'குடும்பத்துக்குத் தெரிந்தது இவ்வளவு'. அக்காவின் தம்பி அதில் இருந்தார். கடைசியாகக் கண்ட இடம், கண்டவர், அப்போது வயது முப்பத்து மூன்று.

இரண்டு நாள் கழித்து அக்காவிடமிருந்து பதில் வந்தது. எல்லாம் சரி, நன்றி, ஒரு திருத்தம்தான் என்று எழுதியிருந்தார். என் மனைவி அதைச் சத்தமாக வாசித்தாள்.

"தங்கச்சி, வயசை மாத்துங்கோ. முப்பத்து மூண்டு அப்ப. இப்ப அவனுக்கு ஐம்பது. புரட்டாதியில ஐம்பத்தொண்டு."

அட்டவணையில் மற்ற எல்லோருக்கும் வயது நின்றுபோயிருந்தது; அறிவித்தலில் இருந்த வயது. அவருடைய வயது மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் நாங்கள் கண்டோம். யாரோ ஒருவர் ஹவுன்ஸ்லோவில் இருந்து ஒவ்வொரு வருடமும் அதைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். என் மனைவி முப்பத்து மூன்றை அழித்து ஐம்பது என்று அடித்தாள்.

"ஆய்வு குடுக்கிறது எப்ப?" என்று கேட்டேன்.

"ஐப்பசியில."

"அப்ப அதுக்கு முதல் திரும்ப மாத்த வேணுமே."

"ஓம்" என்றாள். கைப்பேசி நாட்காட்டியில் செப்டெம்பருக்குப் போய், அக்கா சொன்ன புரட்டாதி மாதத்தில் ஒரு நினைவூட்டல் போட்டாள். பிறகு யோசித்து, நாள் எது என்று கேட்க ஹவுன்ஸ்லோவுக்கு அழைத்தாள்.